மண்ணைக் காட்டுங்க தம்பி

வெளிநாட்டில் இருக்கிற புருஷனோடு பேசும்போது தோளுக்குப் பின்னால் இன்னொரு ஆள் நிற்பது எந்தப் பெண்ணுக்குத்தான் பிடிக்கும்? எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அதுவும் கல்யாணமான சூட்டோடு ஓமனுக்கு லாரி ஓட்ட விமானம் ஏறிப் போன மனுஷர். வாரத்தில் ஒரு நாள்தான் நிதானமாகப் பேசக் கிடைக்கும். சரியாக அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டிலிருந்து மாடிப்படி ஏறி வருவார் அத்தாச்சி. திரையில் தெரிகிற முகத்தைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா தம்பி" என்பார். என் வீட்டுக்காரர் "சாப்பிட்டேன்க்கா" என்று முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.

"மொகத்தைப் பாத்தாச்சு. மண்ணைக் காட்டுங்க தம்பி."

முதல் தடவை அவர் திருதிருவென்று விழித்தார். பிறகு போனைத் திருப்பினார். லாரி ஷெட்டுக்குப் பின்னால் பொட்டல், அதற்கும் பின்னால் ஒரு புல்லுகூட முளைக்காத பழுப்பு மலை. "கீழ கெடக்குற கல்லு ஒண்ணை எடுத்துக் காட்டுங்க. கூரா இருக்கா, உருண்டையா இருக்கா?" கூராக இருந்தது. அத்தாச்சி கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "சரி, பேசுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கல்லை வாங்கி அவர் மண்டையிலேயே போட்டிருப்பேன்.

நான் அப்போது அறந்தாங்கியில் ஒரு மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டுமாவடி ரோட்டுப் பக்கம், அத்தாச்சி வீட்டு மாடியில் குடியிருந்தேன். சொந்தம் ஒன்றும் கிடையாது. தெருவே அவரை அத்தாச்சி என்று கூப்பிட்டது, நானும் கூப்பிட்டேன். ஐம்பதை ஒட்டிய வயசு, நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், எதையும் பாதியில் நிறுத்திவிட்டு ஓடி வருகிற கால்கள். அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில். எந்த வீட்டில் போன் மணி அடித்தாலும் அத்தாச்சி அங்கே இருப்பார், எல்லோரிடமும் மண்ணைத்தான் கேட்பார்.

ஏன் என்பதைத் தெருவில் ஒரு வாரம் குடியிருந்தாலே தெரிந்துகொள்ளலாம். யாரும் மறைக்கவில்லை. அத்தாச்சியின் வீட்டுக்காரர் ஓமனில் ரோடு போடுகிற வேலைக்குப் போனவர். போனில் பேச்சு மட்டும் கேட்கும், படம் தெரியாத காலம் அது. ஒரு பங்குனி மாதம் தகவல் வந்தது: வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது, உடம்பு கிடைக்கவில்லை. ஊரில் ஒருத்தர்கூட நம்பவில்லை. குடிக்கவே தண்ணி இல்லாத பாலைவனத்தில் மனுஷன் முங்கிச் சாவானா? எவளோடயோ எங்கிட்டோ போயிட்டான், அங்கே உள்ளவர்கள் கதை கட்டுகிறார்கள் என்பதுதான் தெருவின் தீர்ப்பு. அத்தாச்சிக்கும் அந்தத் தீர்ப்பு பிடித்திருந்தது என்பதுதான் விசேஷம். என்னிடமே ஒரு நாள் சொன்னார்.

"ஓடிப் போயிருந்தா நல்லதுதான புள்ள. உசுரோட இருப்பாருல்ல."

ஆகவே குங்குமம் இருந்தது, தாலி இருந்தது, காரியம் நடக்கவில்லை. அவருடைய கொழுந்தன் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் போனில் மெல்ல ஆரம்பிப்பார், அண்ணனுக்கு எள்ளும் தண்ணியும் விட வேண்டாமா என்று. "உயிரோட இருக்கிற மனுசனுக்கு யாராச்சும் எள்ளு எறைப்பாங்களா?" என்று அத்தாச்சி வாயை அடைத்துவிடுவார். ஆனால் உள்ளே அந்தக் கேள்வி அரித்துக்கொண்டேதான் இருந்தது. பாலைவனத்தில் வெள்ளம் வருமா, வராதா? வரும் என்றால் அவர் செத்துவிட்டார். வராது என்றால் எங்கோ இருக்கிறார். அதற்காகத்தான் மண்ணைக் காட்டச் சொன்னார். உருண்டைக் கல் என்றால் ஆற்றுத் தண்ணி உருட்டியது, அது வெள்ளாற்றங்கரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கூரான கல்லைப் பார்த்தால் அத்தாச்சி அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிடுவார்.

ஓமனிலிருந்து வந்தவர்கள் எத்தனையோ பேர் சொன்னார்கள், வரும், அங்கே மழை பெய்தால் காய்ந்த ஆறெல்லாம் ஓடும் என்று. யாரோ போனில் ஒரு படம்கூடக் காட்டினார்கள், வெள்ளத்தில் கார் மிதந்து போகிற படம். அத்தாச்சி அசையவில்லை. "சினிமாவுல மலையையே பேத்துத் தூக்குறாங்க. நம்ம ஆளு ஒருத்தரு அங்க நிக்கணும், நான் கூப்பிட்டா திரும்பிப் பாக்கணும், அவரு பக்கத்துல தண்ணி ஓடணும். அப்ப நம்புறேன்." அங்கே மழை வருஷத்தில் ஏதோ சில நாள். அந்த நாளில் நம் ஆள் அந்த இடத்தில் நின்று, போனும் போட வேண்டும். நடக்கிற காரியமா?

அது உடனே நடக்கவில்லை. அதற்குள் வேறொன்று நடந்தது. மண்ணைக் கேட்டுக் கேட்டு அத்தாச்சி உலகத்தைப் பார்த்துவிட்டார்.

கொழுந்தன் அப்போது காங்கோவில் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்பக்கம் போனைத் திருப்பினால் காடு சுவர் வைத்த மாதிரி நின்றது. மேலே வானம் தெரியவில்லை.

"எலை உதிர்ற மாசம் எது?" என்று அத்தாச்சி கேட்டார்.

"அப்புடி ஒரு மாசமே இல்ல அண்ணி. ஒரு மரம் உதிர்த்துக்கிட்டு இருக்கும், பக்கத்து மரம் துளிர்த்துக்கிட்டு இருக்கும்."

"மழை?"

"அதுக்கும் மாசம் கெடையாது. அது பாட்டுக்கு வரும், பெய்யும், போகும்."

அத்தாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப அந்தச் சனங்க எதுக்காகத்தான் புள்ள காத்திருப்பாங்க?" என்றார். வானத்தைப் பார்த்துப் பார்த்தே கழுத்து வளைந்த ஊரில் பிறந்தவர் கேட்கிற கேள்வி. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

எதிர்வீட்டு மருமகன் கனடாவில் லாரி ஓட்டினார். அவரை நடுரோட்டில் இறக்கி மண்ணை அள்ளிக் காட்ட வைத்தார். கன்னங்கரேல் என்ற மண், கண்ணுக்கு எட்டின வரை புல். ஒரு மரம் கிடையாது. "இம்புட்டு நல்ல மண்ண வச்சுக்கிட்டு ஒரு வேம்பு வைக்கத் தோணலையா ஒங்களுக்கு?" என்று அவரைத் திட்டினார். மரத்துக்குப் பத்துகிற மழை இங்கே இல்லை, புல்லுக்குத்தான் பத்தும் என்று அந்த மனுஷர் குளிரில் நடுங்கிக்கொண்டே விளக்கினார். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்லி அத்தாச்சி யோசனை வேறு சொன்னார். "ஆடியில வெதைச்சா பனியிலதான் அத்தை அறுக்கணும்" என்று அவர் சிரித்த சிரிப்பு எங்கள் வீட்டு மாடி வரைக்கும் கேட்டது.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது கிறிஸ்டி காட்டிய மண். கிறிஸ்டி பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சரின் மகள், ரஷ்யாவில் யாகூத்ஸ்க் என்கிற ஊரில் டாக்டருக்குப் படித்தாள். ஊசி ஊசியாய் இலை வைத்த மரங்கள், ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று கள் குடித்த மாதிரிச் சாய்ந்து நின்றன. வீடுகளெல்லாம் கால் முளைத்துத் தூண் மேல் நின்றன. பூமிக்கு அடியில் எப்போதும் ஐஸ், வெயில் காலத்தில் மேலே கொஞ்சம் மண் மட்டும் இளகும், வீட்டுச் சூடு பட்டால் தரை உருகி வீடு இறங்கிவிடும் என்றாள். இப்போது அந்த ஐஸே உருக ஆரம்பித்து, ரோடெல்லாம் பள்ளம் விழுகிறது என்றும் சொன்னாள்.

"கெணறு வெட்டுனா?"

"ஐஸ்தான் வரும் அத்தை."

அத்தாச்சி எழுந்து நின்று, தன் உடம்பையே தொட்டுத் தொட்டுக் காட்டினார். அவரிடம் வரைபடம் கிடையாது. "பூமி ஒரு பொம்பளைன்னு வச்சுக்க. இந்தா இடுப்பு, இதுல காங்கோ, சிங்கப்பூரு. ஒரே பச்சை, ஒரே மழை. இது நெஞ்சு, ஓமன், துபாயி. வெறும் மணலு. கழுத்துல புல்லு. நெத்தியில ஊசி எலைக் காடு. உச்சியில பனி." தலையிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார், "எந்தத் தேசத்துக்காரன் பேசுனாலும் இந்த வரிசை மாறவே இல்லையே, கவனிச்சியா?"

நான் கவனிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கி, பரீட்சை ஹாலிலேயே விட்டுவிட்டு வந்தவள் நான். "நாம எங்க இருக்கோம்?" என்று மட்டும் கேட்டேன். தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே தொட்டார். "வயித்துல. அதான் நமக்குப் பாதி வருசம் பசி."

ஏன் அந்த வரிசை என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கிறிஸ்டிதான் அடுத்த வாரம் சொன்னாள். இடுப்பில் வெயில் நேராக விழுகிறது, காற்று சூடாகி மேலே ஏறுகிறது, ஏறின இடத்திலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. வெறுங்கையோடு வடக்கே போய் நெஞ்சில் இறங்குகிறது. இறங்குகிற காற்று மேகத்தைச் சேரவிடாது, அதுதான் அங்கே பாலைவனம். ஆனால் அதே பாலைவனம் கோடையில் கொதிக்கிறபோது கடலிலிருந்து காற்றை இழுக்கிறது, அந்தக் காற்றுதான் கடலைத் தாண்டி நமக்கு ஆடிக் காற்றாக வருகிறது. குளிர்காலத்தில் அவள் இருக்கிற பக்கத்திலிருந்து கனத்த காற்று தெற்கே சரிகிறபோது காற்று திரும்பி, வங்கக்கடல் வழியாக நமக்கு ஐப்பசி மழை.

அத்தாச்சி நெஞ்சில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப என் கொழுந்தன் கடைக்குப் பின்னால கொட்டுற மழைக்கும் ஓமன் காயிறதுக்கும் சம்பந்தம் இருக்கா?"

"இருக்கு அத்தை."

"அது கொதிக்கிறதுக்கும் என் தலையில முந்தானை பறக்குறதுக்கும்?"

"இருக்கு."

"யாத்தே" என்றார் அத்தாச்சி, மெல்ல. எனக்கு உடம்பு சிலிர்த்தது. சும்மா சொல்லவில்லை. அந்த மாடியில், துணி காய்கிற கொடிக்குக் கீழே நின்றுகொண்டு, பூமி முழுக்க ஒரே காற்று ஏறி இறங்கிச் சுற்றுவதை நான் என் தோலில் உணர்ந்தேன்.

உடனே அவரை மகாஞானி என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வருஷம் முழுக்கக் கிறிஸ்டியைக் கேட்டுக்கொண்டுதான் மிளகாய் காயப்போட்டார். அங்கே குளிர் ஏறினால் மறுநாளே இங்கே மழை என்று அவராகவே ஒரு கணக்கு. அத்தனை தூரம் வருகிற காற்று பஸ் டைம் பார்த்தா வரும்? குளிர் என்று சொன்ன நாளில் இங்கே சுள்ளென்று வெயில் அடித்தது. ஒன்றுமில்லை என்று சொன்ன நாளில் மொத்த மிளகாயும் நனைந்து பூசணம் பிடித்தது. "யாகூத்ஸ்க்குல கேட்டீங்களே, வானத்தை ஒரு தடவை அண்ணாந்து பாத்தீங்களா அத்தாச்சி?" என்று நான் கேட்டதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த பங்குனியில், ஒரு மத்தியான வேளை, என் வீட்டுக்காரர் எதிர்பாராமல் கூப்பிட்டார். லாரி நின்றுவிட்டது, ரோட்டைத் தாண்டித் தண்ணி ஓடுகிறது, இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன என்றார். நான் அவரிடம் நலம்கூட விசாரிக்கவில்லை. படியில் நின்று கத்தினேன். அத்தாச்சி மாவு பிசைந்த கையோடு ஏறி வந்தார்.

போனை வாங்கவில்லை. கை மாவை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார். "தம்பி, என்னையப் பாருங்க" என்றார். திரையில் அவர் முகம் திரும்பியது. "சொல்லுங்கக்கா." "சரி, இப்பக் காட்டுங்க."

காட்டினார். அதை எப்படிச் சொல்ல? வானம் வெளுத்துக் கிடந்தது, வெயில் அடித்தது. அதன் கீழே, செங்கல்லைக் கரைத்து ஊற்றின மாதிரித் தண்ணி, பாறைகளை உருட்டிக்கொண்டு போனது. இரைச்சலில் அவர் குரல் பாதி கேட்கவில்லை.

"மழை பெய்யுதா தம்பி?"

"இங்க ஒரு சொட்டு இல்லக்கா. மலைக்கு அங்கிட்டு பெய்ஞ்சிருக்கு. கால்மணி முந்தி இந்த எடம் காஞ்சு கெடந்துச்சு. பாறை மலை, மண்ணே இல்ல. பெய்யிறத ஒரு சொட்டுக் குடிக்காது, அப்புடியே எறக்கி விட்டுரும்."

"நடுவுல ஒரு கம்மாய்கூட இல்லையா?"

"இல்லக்கா."

எங்கள் பக்கம் ஒரு கண்மாய் நிறைந்து, அடுத்த கண்மாய்க்குப் போய், அதுவும் நிறைந்துதான் வெள்ளாற்றுக்குத் தண்ணி வரும். வருவதற்குள் ஊர் ஊராகச் சேதி வந்துவிடும். சொல்லாமல் வருகிற தண்ணியை எங்களுக்குத் தெரியாது.

அத்தாச்சி திரைக்கு மிக அருகில் குனிந்தார். "நடுத் தண்ணியில ஒரு மரம் நிக்குதே, அது என்ன?"

"ஆத்துக்குள்ளயே நிக்கிற மரந்தான்க்கா. அடியில ஈரம் இருக்குல்ல, அதனால இங்க மரம்னா ஆத்துலதான் நிக்கும். காஞ்ச நாள்ல அதுக்குக் கீழதான் வண்டியப் போட்டுட்டுப் படுப்பாங்க. நெழல் வேற எங்க இருக்கு?"

அத்தாச்சி நிமிர்ந்தார். பிறகு என்னிடம் சொன்னார், போனிடம் இல்லை.

"நாந்தான் புள்ள சொன்னேன்."

கடைசியாகப் பேசியபோது அவருடைய வீட்டுக்காரர் கேட்டாராம். தகர ஷெட்டு கொதிக்கிறது, கீழே பள்ளத்தில் மணலும் நாலைந்து மரமும் இருக்கிறது, கூட இருக்கிறவர்கள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு அங்கே போகிறார்கள், நானும் போகட்டுமா என்று. "மரம் நிக்கிற எடம் நல்ல எடந்தான, போங்கன்னேன். நம்ம வெள்ளாத்து மணல்ல படுத்த மாதிரி இருக்கும்னேன்."

நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இந்தச் சீமையில் பிறந்த எந்தப் பெண்ணும் அதைத்தான் சொல்லியிருப்பாள். மரத்தடியில் படு என்பதைவிடப் பிரியமான வார்த்தை எங்களிடம் ஏது? அதைத்தான் அத்தாச்சியைக் கட்டிக்கொண்டு சொன்னேன். அவர் அழவில்லை. தண்ணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது எங்கிட்டுத் தம்பி போகுது?"

"கடலுக்குத்தான்க்கா."

அந்த வருஷம் கொழுந்தன் ஊரில் இருந்தார். ஆடி பிறப்பதற்கு முன்பே அத்தாச்சி அவரைக் கூப்பிட்டு, எள்ளு வாங்கி வைக்கச் சொன்னார். குங்குமத்தை மட்டும் எடுக்கவில்லை. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நல்லவேளை. கேட்டிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

ஆடி அமாவாசைக்கு மணமேல்குடிக் கடற்கரையில் அப்படி ஒரு கூட்டம். கொழுந்தன் இடுப்பளவு தண்ணியில் நின்று எள்ளும் தண்ணியும் விட்டார். கரையில் நின்ற எங்கள் முதுகில் ஆடிக் காற்று மணலை வாரி அடித்தது. எல்லோரும் தலையை மூடிக்கொண்டோம். அத்தாச்சி மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, காற்று வருகிற பக்கம் பார்த்து நின்றார். "இது ஓமன் பக்கத்துக் கடலத் தாண்டி வர்ற காத்துதான?" என்றார். ஆமாம் என்றேன். முந்தானையைத் தலையிலிருந்து இறக்கிவிட்டார்.

இப்போது நான் புதுக்கோட்டையில் இருக்கிறேன், என் வீட்டுக்காரரும் ஊரோடு வந்துவிட்டார். அத்தாச்சி போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனாலும் ஆடிக் காற்று கிளம்பினால் அன்றைக்கு அந்தக் கடற்கரையில் நடந்த மிச்சம்தான் எனக்கு ஞாபகம் வரும்.

அந்த விபத்து நடந்த இடத்தின் பெயர் பழைய தகவலில் இருந்தது. என் வீட்டுக்காரர் அன்று அந்தப் பக்கம் லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். அத்தாச்சி என் போனைக் கேட்டு வாங்கினார். அவர் போனைக் கையில் வாங்கி நான் பார்த்தது அன்றுதான். கூப்பிட்டதும் என் வீட்டுக்காரர் தானாகவே போனைத் திருப்பிவிட்டார், பழகிப்போன கை. காய்ந்த ஆறு, உருண்டை உருண்டையாய்க் கல், நடுவில் நாலைந்து மரம். நல்ல நிழல்.

அத்தாச்சி தன் கையில் இருந்த போனையும் திருப்பினார். இத்தனை வருஷம் எல்லோரிடமும் மண்ணைக் கேட்டவர், முதல் தடவையாகத் தன் மண்ணைக் காட்டினார். மணமேல்குடி மணலை, எள்ளு மிதக்கிற தண்ணியை, நனைந்த வேட்டியோடு கரையேறுகிற கொழுந்தனை. காட்டிக்கொண்டே, வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிற சாதாரணக் குரலில் பேசினார்.

"மரத்தடி வேணாங்க. மேட்டுக்கு ஏறி வந்துருங்க."

என் வீட்டுக்காரர் பதறிவிட்டார். "நான் மேட்டுலதான்க்கா நிக்கிறேன்" என்றார்.

"நீங்க நில்லுங்க தம்பி" என்றார் அத்தாச்சி. "நான் அவருட்டச் சொல்றேன்."